வால்வுக்கு ஐந்து மில்லிசெக்கன்

ஏப்ரல் வசந்த காலம் வந்தால் நுவரெலியாவில் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் மட்டும் நடப்பதில்லை. மோட்டார் எஞ்சின்களின் சத்தமும் மலைக்கு மலை எதிரொலிக்கும். மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934-இல் தொடங்கியது. லிந்துலைக்கு அயலில் உள்ள ரதெல்லையும் மலையேற்றப் போட்டிக்குப் பெயர்போன இடந்தான். இந்தப் போட்டிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. தொடக்கக் கோட்டில் நிற்கும் பந்தயக் கார் ஏன் அப்படித் தடுமாறுகிறது? இலட்சக்கணக்கில் செலவழித்துத் தேர்ந்த மெக்கானிக் கட்டிய எஞ்சின், நின்ற இடத்தில் உதறுகிறது, விட்டு விட்டு வெடிக்கிறது, இப்போது நின்றுவிடும் என்று பயங்காட்டுகிறது. பக்கத்தில் யாரோ குடும்பத்தோடு வந்த சாதாரண கார் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கொடி அசைந்ததும் பந்தயக் கார் சீறிப் பாய்கிறது.

“பெரிய கேம் போட்டிருக்கிறார்கள்” என்பது கராஜில் கிடைக்கும் பதில். அது சரியான பதில்தான். ஆனால் அந்தப் பதிலிலிருந்து பல இளைஞர்கள் எடுக்கும் முடிவு, அதே கேமைத் தங்கள் காருக்கும் போட்டால் வேகம் வந்துவிடும் என்பது, பெரும்பாலும் பிழையாகிறது. ஓர் எஞ்சின் வேகமாகச் சுற்றுவதைத் தாங்கும்படி செய்வது ஒரு வேலை. வேகமாகச் சுற்றினால்தான் இழுக்கும் என்ற நிலைக்கு அதைக் கொண்டுவருவது இன்னொரு வேலை. வீதியில் ஓடும் காருக்கு, அதிலும் மலைநாட்டு வீதியில் ஓடும் காருக்கு, முதல் வேலையைத் தாராளமாகவும் இரண்டாவதை மிகச் சிக்கனமாகவும் செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

மேட்டின் வடிவம்

எஞ்சினின் ஹெட்டுக்குள் ஒரு தண்டு சுழல்கிறது. அதுதான் கேம் ஷாப்ட். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது இது ஒரு சுற்றுச் சுற்றும். அதன் உடலில் ஒரு பக்கம் மட்டும் புடைத்த பகுதிகள் இருக்கின்றன. இவற்றை ‘மேடு’ என்று அழைப்போம். மேடு வந்து தள்ளும்போது வால்வு திறக்கிறது, மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடுகிறது. காற்றும் பெற்றோலும் உள்ளே வர ஒரு வகை வால்வு, எரிந்த புகை வெளியேற இன்னொரு வகை. மேட்டுக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள ரொக்கர் என்னும் நெம்புகோல், ஸ்பிரிங், அதைப் பிடிக்கும் மூடி, வால்வு எல்லாவற்றையும் சேர்த்து ‘வால்வுத் தொடர்’ என்று சொல்லலாம்.

ஒரு மேட்டின் வடிவத்தில் மூன்று விடயங்கள் அடங்கியிருக்கின்றன. வால்வு எவ்வளவு தூரம் இறங்கித் திறக்கிறது என்பது முதலாவது. எஞ்சின் சுற்றில் எத்தனை பாகை நேரம் திறந்திருக்கிறது என்பது இரண்டாவது. புகை வால்வு மூடி முடியும் முன்பே உள்வால்வு திறந்துவிடுவதால் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் சிறு இடைவேளை மூன்றாவது. அதைக் ‘கூட்டுத் திறப்பு’ எனலாம். தொடக்கக் கோட்டில் நாம் கேட்ட தடுமாற்றத்துக்குக் காரணம் இந்தக் கூட்டுத் திறப்புத்தான்.

எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது வெளியேறும் புகை விரைந்து ஓடி, தன் பின்னால் புதிய காற்றையும் இழுத்துவிடுகிறது. இரண்டு வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருப்பது அப்போது பெரும் உதவி. எஞ்சின் சும்மா ஓடும்போது நிலைமை தலைகீழ். உள்ளே காற்று வரும் வழி ஏறத்தாழ மூடியிருப்பதால் அந்தப் பக்கம் அழுத்தம் மிகக் குறைவு. எனவே புகை வெளியே போகாமல் உள்வழிக்குத் திரும்பி வருகிறது, புதிய கலவையோடு கலக்கிறது, அடுத்த தடவை பற்றவைக்கும்போது சில வேளை தீப்பிடிக்கிறது, சில வேளை பிடிப்பதில்லை. உதறலும் விட்டு விட்டு வெடிப்பதும் இதனால்தான்.

உள்வால்வு எப்போது மூடுகிறது என்பது இதைவிட முக்கியம். பிஸ்டன் கீழே இறங்கி முடிந்த பிறகும், மேலே ஏறத் தொடங்கிய பிறகும்கூட வால்வு திறந்தே இருக்கும். தலவாக்கலை பஸ் நிலையத்தில் பின்னாலிருந்து நெருக்கும் கூட்டம், பஸ் நிறைந்த பிறகும் இன்னும் நாலைந்து பேரை உள்ளே தள்ளிவிடுவதைப் போல, வேகமாக வரும் காற்று தன் உந்தத்தாலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறும். அதற்காகத்தான் வால்வு தாமதமாக மூடுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது காற்றுக்கு அந்த உந்தம் இருப்பதில்லை. ஏறிவரும் பிஸ்டன், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. பெரிய கேம் என்றால் இந்த மூடுதல் இன்னும் தாமதமாகும். ஆக, கேமை மாற்றுவதால் புதிய பலம் எங்கிருந்தோ வந்து சேர்வதில்லை. குறைந்த சுழற்சியிலிருந்து எடுத்து உயர்ந்த சுழற்சிக்குக் கொடுக்கிறோம்.

எட்டாயிரம் சுற்றில் நடப்பது

ஓர் உண்மையான எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஹொண்டாவின் பி16ஏ, 1,595 கனசென்ரிமீற்றர், நான்கு சிலிண்டர். 1989-இல் இன்டெக்ரா காரில் அறிமுகமானபோது நிமிடத்துக்கு 7,600 சுற்றில் 160 குதிரைவலு தந்தது. 1992-க்குப் பிந்திய சிவிக்குகளில் அது 7,800 சுற்றில் 170 ஆனது. டேர்போ இல்லாமலே லீற்றருக்கு நூறு குதிரைவலு என்பது வீதிக் கார் ஒன்றில் அன்று பெரிய செய்தி.

நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 7.5 மில்லிசெக்கன். உள்வால்வு 240 பாகை திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது திறந்து, 10 மில்லிமீற்றர் இறங்கி, திரும்பி வந்து மூடுவதற்குக் கிடைப்பது 5 மில்லிசெக்கன். அதே வால்வுக்கு 3,000 சுற்றில் 13 மில்லிசெக்கனுக்கு மேல் கிடைக்கும். ஐந்து மில்லிசெக்கனில் போய்த் திரும்ப வேண்டுமானால் வால்வு பாதி வழியில் வேகம் எடுத்து, உச்சியில் நின்று, மறுபடி திரும்ப வேண்டும். மிக எளிய, வழவழப்பான அசைவாக எடுத்துக் கணக்கிட்டாலே, உச்சியில் அந்த வால்வைத் திருப்புவதற்கு வேண்டிய முடுக்கம் புவியீர்ப்பின் 800 மடங்கு வருகிறது.

வால்வு, மூடி, ஸ்பிரிங்கின் ஒரு பங்கு, ரொக்கரின் ஒரு பங்கு எல்லாம் சேர்த்து அசையும் எடை 100 கிராம் என்போம். அதன் 800 மடங்கு 80 கிலோ. வால்வு முழுதாகத் திறந்திருக்கும் கணத்தில் ஸ்பிரிங் 80 கிலோவுக்கு மேலான விசையோடு அதைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடு இறங்கிப் போய்விடும், வால்வு மட்டும் அந்தரத்தில் நிற்கும். இதுதான் ‘வால்வு மிதப்பு’. மிதக்கும் வால்வைத் தேடி பிஸ்டன் மேலே வருகிறது. இரண்டும் முட்டினால் வால்வு வளையும், சில வேளை பிஸ்டனில் ஓட்டை விழும்.

இந்த விசை சுழற்சியின் வர்க்கத்தோடு வளர்வதை மறக்கக்கூடாது. அதே வால்வுக்கு 6,000 சுற்றில் 45 கிலோ போதும். 9,000-இல் 100 கிலோவைத் தாண்டும், 10,000-இல் 125 கிலோ. மீற்றரில் ஊசி இன்னும் கொஞ்சந்தான் ஏறுகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தோன்றும். ஸ்பிரிங்குக்கு அது கொஞ்சமல்ல.

ஸ்பிரிங்கை இறுக்குவதா, எடையைக் குறைப்பதா?

அப்படியானால் கிடைப்பதில் மிகக் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டால் முடிந்தது என்று ஒருவர் கேட்கலாம். மலிவான வழி அதுதான், பலரும் செய்வதும் அதுதான். இதில் ஒரு மறைவான தீங்கு இருக்கிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது ஸ்பிரிங்கின் விசையில் பெரும்பகுதி வால்வைத் திருப்புவதற்கே செலவாகிவிடும். மேட்டின் உச்சிக்கு வரும் அழுத்தம் மீதி மட்டுமே. எஞ்சின் சும்மா ஓடும்போது அப்படிச் செலவாவதில்லை. முழு விசையும் மேட்டின் மூக்கிலேயே விழுகிறது. எண்ணெய்ப் படலம் மிக மெல்லியதாக இருப்பதும் அப்போதுதான். எனவே அளவுக்கு மீறி இறுக்கமான ஸ்பிரிங் மேட்டைத் தேய்ப்பது பந்தயத்தில் அல்ல, ஹட்டன் நகரின் வாகன நெரிசலில். போட்டிக்காகப் போட்ட பாகம் சந்தைக்குப் போகும் வழியில் கெடுகிறது.

ஸ்பிரிங்குக்கு இன்னொரு வியாதியும் உண்டு. அதன் சுருள்களுக்கென்று ஓர் இயல்பான அதிர்வு இருக்கிறது. மேட்டின் தட்டுதல் அந்த அதிர்வோடு ஒத்துப் போனால் சுருள்கள் தாமாகவே நடுங்கத் தொடங்கும், காகிதத்தில் எழுதிய விசை நடைமுறையில் கிடைக்காது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் போடுவதும், மேலே போகப் போக ஒடுங்கும் ஸ்பிரிங் போடுவதும் இதற்காகத்தான். ஒடுங்கும் வகைக்கு மேல்மூடியும் சிறியதாகிவிடும். எடையும் அங்கே குறையும்.

எடையைக் குறைப்பதே சிறந்த மருந்து. நமது 100 கிராமை 80 ஆக்கினால் 8,000 சுற்றுக்கு 64 கிலோவே போதும். அதே 80 கிலோ ஸ்பிரிங் கிட்டத்தட்ட 8,900 சுற்று வரை தாங்கும். ஆனால் எங்கே குறைப்பது என்பதில் நிதானம் வேண்டும். உருக்கு மூடிக்குப் பதிலாக டைட்டேனியம் மூடி போட்டால் 12 கிராம் 7 ஆகும். நூறில் ஐந்து கிராம் குறைந்தால் சுழற்சியில் வரும் இலாபம் ஏறத்தாழ 200 சுற்றுத்தான். விலையைப் பார்த்துவிட்டு இந்தக் கணக்கையும் பார்ப்பது நல்லது. வால்வின் முனையில் குறையும் ஒவ்வொரு கிராமும் முழுதாகக் கணக்கில் வரும். ரொக்கரின் அச்சுக்கு அருகில் குறைவது ஏறத்தாழ வீண். வால்வின் தண்டை மெலிதாக்குவதும், உள்ளே துளையிட்ட தண்டைப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

எடைதான் முதன்மை என்பதற்கு மோட்டார் வரலாற்றில் அழகான சான்று இருக்கிறது. 1966-இல் ஹொண்டாவின் ஆர்சி166 பந்தய மோட்டார் சைக்கிள் 250 கனசென்ரிமீற்றரை ஆறு சிலிண்டர்களாகப் பிரித்து, 24 குட்டி வால்வுகளோடு 18,000 சுற்று வரை போனது. அதில் இருந்தவை சாதாரண உருக்கு ஸ்பிரிங்குகளே. வால்வுகள் அத்தனை சிறியவை, அத்தனை இலேசானவை. பெரிய சிலிண்டர்களில் அந்த வழி அடைபட்டதால் 1986-இல் ரெனோ தன் ஃபோர்முலா ஒன் எஞ்சினில் உருக்கு ஸ்பிரிங்கையே கழற்றிவிட்டு, அழுத்திய வாயுவால் வால்வை மூடத் தொடங்கியது. அதையெல்லாம் வீதிக் காருக்கு யாரும் கேட்கப்போவதில்லை. நமக்கு வேண்டிய எல்லைக்கு நல்ல உருக்கும் நிதானமான கணக்கும் போதும்.

மெல்லிய காற்றும் ஒரு மறுப்பும்

இங்கே மலைநாட்டில் அடிக்கடி கேட்கும் மறுப்பொன்று உண்டு. உயரத்தில் காற்று மெலிவு. குறைந்த காற்றைச் சரிக்கட்ட வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டாமா? கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

லிந்துலைக்குப் பக்கத்தில், தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1,382 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் 20 சதவீதம் குறைவு. குளிர் கொஞ்சம் ஈடுசெய்கிறது. கொழும்பின் 27 பாகைக்கும் நுவரெலியாவின் 16 பாகைக்கும் உள்ள வித்தியாசம் காற்றைச் சிறிது செறிவாக்குகிறது. எல்லாம் கழித்துப் பார்த்தால் கொழும்பைவிட 17 சதவீதம் குறைவான காற்று. கொழும்பில் 170 தரும் எஞ்சின் நுவரெலியாவில் 140 தந்தால் பெரிய காரியம்.

ஆனால் காற்று மெலிந்ததால் அது மெதுவாக நகர்வதில்லை. குழாய்க்குள் அழுத்த அலைகள் ஓடும் வேகம் ஒலியின் வேகம். அது வெப்பநிலையைப் பொறுத்தது, அழுத்தத்தைப் பொறுத்ததல்ல. கொழும்பின் வெப்பத்துக்கும் நுவரெலியாவின் குளிருக்கும் இடையே அது இரண்டு சதவீதம் மட்டுமே மாறுகிறது. வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்ற கணக்கு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் உள்ளே வரும் காற்றின் எடை மட்டுமே குறைகிறது, அதுவும் எல்லாச் சுழற்சியிலும் ஒரே விகிதத்தில். உயரம் ஏற்கனவே குறைந்த சுழற்சியின் இழுவையில் ஆறில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருப்பதிலும் பெரிய கேம் ஒரு பங்கைக் கேட்கிறது. மெல்லிய காற்று, உண்மையில், சிறிய கேமுக்கான வாதம்.

மெல்லிய காற்றுக்கு வேறு மருந்துகள் உண்டு. டேர்போ ஒன்று. சிலிண்டருக்குள் அழுத்தும் விகிதத்தைக் கூட்டுவது இன்னொன்று. அழுத்தம் குறைந்த இடத்தில் எஞ்சின் ‘நொக்’ அடிப்பது, அதாவது கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது, குறைவு என்பதால் மலையில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அதே கார் கித்துல்கலை வழியாக அவிசாவளைக்கு இறங்கினால் அடர்ந்த காற்றும் சூடும் சேர்ந்து வரும். கீழேயும் ஓட வேண்டிய காருக்கு 92 ஒக்டேன் போதுமா, 95 வேண்டுமா என்பதைக் கீழ்நாட்டுக்கே கணக்கிட வேண்டும்.

இரண்டாம் கியரில் லிந்துலை வரை

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக நானுஓயா ஏறும் வீதியில் நம் சிவிக்கை வைத்துப் பார்ப்போம். வளைவுக்கு வளைவு 35 கிலோமீற்றர் வேகம் என்று கொள்வோம். இந்தக் கார்களின் இரண்டாம் கியர் விகிதம் சுமார் 2.1, கடைசிப் பல்சக்கர விகிதம் 4.4. சக்கரத்தின் சுற்றளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த வேகத்தில் எஞ்சின் சுற்றுவது ஏறக்குறைய 2,900. வளைவை விட்டு வெளியே வரும்போது ஓட்டுநருக்கு இழுவை தேவைப்படுவது இந்த இடத்தில். 6,000-க்கு மேல் விழிக்கும் கேம் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும்.

பி16ஏ-க்கு ‘வீடெக்’ இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. இருக்கிறது, அது அருமையான தீர்வும்கூட. ஒரு சோடி வால்வுகளுக்கு மூன்று மேடுகள்: ஓரத்து இரண்டும் சாதுவானவை, நடுவில் உள்ளது பெரியது. 5,000-ஐத் தாண்டியபின் எண்ணெய் அழுத்தம் ஒரு முளையைத் தள்ள, ரொக்கர்கள் பூட்டிக்கொண்டு பெரிய மேட்டின் சொல்லைக் கேட்கின்றன. தொடக்கத்தில் சொன்ன பேரத்தை, அதாவது கீழிருந்து எடுத்து மேலே கொடுப்பதை, இது பெருமளவு தவிர்த்துவிடுகிறது. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். மாற்றம் 5,500-இல் நடந்தால், இரண்டாம் கியரில் அது சுமார் 66 கிலோமீற்றர் வேகம். ஊர்களுக்கு வெளியே இலங்கையில் கார்களுக்கான சட்ட எல்லை 70. பெரிய மேட்டைச் சட்டப்படி அனுபவிக்க நான்கு கிலோமீற்றர் வேகம்! முதல் கியரில் கூடுதலாகக் கிடைக்கும், அதுவும் ஓரிரு செக்கன். இதைச் சொல்வதால் அந்தப் பெரிய மேடு வேண்டாம் என்றாகாது. அதை இன்னும் பெரியதாக்குவதற்காக ஓரத்து மேடுகளைக் கெடுத்துவிடக்கூடாது என்றே ஆகும். சந்தையில் வரும் பல கேம்களில் மூன்று மேடுகளுமே பெரிதாக்கப்பட்டிருக்கும். வாங்குகிறவர் நடுமேட்டின் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார். வீதிக் காருக்கு ஓரத்து மேடுகள் கம்பனி அளவிலோ அதற்கு மிக அருகிலோ இருப்பது முதல் நிபந்தனை.

மஹகஸ்தொட்டையில் பெரிய கேம் வெல்கிறதே என்றால், அங்கே கியர்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு எஞ்சின் உயர்ந்த சுழற்சியிலிருந்து கீழே விழாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. ஓட்டம் சில நிமிடங்களுக்குள் முடிகிறது. கொழுந்து லொறிக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டிய தேவை அந்தக் காருக்கு வருவதில்லை.

இறக்கத்தில் வரும் ஆபத்து

அப்படியானால் ஸ்பிரிங்கிலும் ஏன் பணம் போட வேண்டும்? விடை இறக்கத்தில் இருக்கிறது. ரதெல்ல குறுக்கு வீதி போன்ற செங்குத்தான இறக்கங்களில் சிறிய கியரில் எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடித்து இறங்குவதுதான் முறை. எஞ்சினுக்கு எல்லைக் கட்டுப்பாடு இருக்கிறது, 8,000-ஐத் தாண்டினால் பெற்றோலை வெட்டிவிடும் என்று நம்பலாம். ஏற்றத்தில் அது சரி. இறக்கத்தில் எஞ்சினைச் சுழற்றுவது பெற்றோல் அல்ல, சக்கரங்கள். நான்காம் கியரில் 3,500 சுற்றில் வரும் ஒருவர் மூன்றாவதுக்கு மாற்றப்போய்த் தவறுதலாக முதல் கியரில் போட்டுக் கிளச்சை விட்டால், விகிதம் ஏறக்குறைய மும்மடங்கு என்பதால் எஞ்சின் ஒரே கணத்தில் 10,000-ஐத் தாண்டும். எந்தக் கணினியும் அதைத் தடுக்க முடியாது. அந்தக் கணத்துக்குத்தான் அந்த 125 கிலோ கணக்கு. முழு எஞ்சினும் அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் அதைவிடச் சிறிய தவறுகள், 8,500 அல்லது 9,000 வரை போய்வரும் தவறுகள், வால்வுத் தொடர் நல்லதாக இருந்தால் சேதமில்லாமல் கடந்துபோகும். கேமை மாற்றாதவர்க்கும் பயன்படும் செலவு இது.

வாங்கும் முன்னும் பூட்டும் முன்னும்

கேம் விற்பவர் சொல்லும் பாகைகளை ஒப்பிடும்போது அவை எந்த உயரத்திலிருந்து அளக்கப்பட்டவை என்று கேட்க வேண்டும். வால்வு அசையத் தொடங்கும் இடத்திலிருந்து அளந்தால் 270 வரும் அதே மேடு, ஒரு மில்லிமீற்றர் திறந்த இடத்திலிருந்து அளந்தால் அதைவிட முப்பது, நாற்பது பாகை குறைவாக வரலாம். ஒரே முறையில் அளக்காத இரண்டு கேம்களை ஒப்பிடுவதில் பயனில்லை. திறப்பு உயரத்திலும் பேராசை தேவையில்லை. வால்வின் விட்டத்தில் காற்பங்கு இறங்கினாலே அதன் ஓரத்து இடைவெளி வழியின் வாய் அளவுக்கு வந்துவிடும். பி16ஏ-யின் 33 மில்லிமீற்றர் உள்வால்வுக்கு அது எட்டேகால் மில்லிமீற்றர். அதற்கு மேல் போவதில் பயன் உண்டு, ஏனென்றால் அந்த அளவுக்கு மேல் வால்வு கழிக்கும் நேரம் நீளும். ஆனால் ஒவ்வொரு கூடுதல் மில்லிமீற்றருக்கும் இலாபம் சுருங்கும், ஸ்பிரிங்கின் சுமை சுருங்காது.

பழைய கேமையே மறுபடி கடைந்து மேட்டைப் பெரிதாக்கும் மலிவான வழியும் இருக்கிறது. உலோகத்தைச் சேர்க்காமல் மேட்டைப் பெரிதாக்க, மேடில்லாத பக்கத்தைக் குறைக்க வேண்டும். அப்போது ரொக்கரின் இடைவெளி முழுதும் மாறும், மேற்பரப்பின் கடினப் படலமும் போகலாம். கடைபவர் இதற்கு என்ன செய்வார் என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது புத்தி.

பூட்டும்போது மூன்று இடைவெளிகளை அளக்க வேண்டும். வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் மிச்சம் இருக்க வேண்டும். மேல்மூடி கீழே வால்வு வழிகாட்டியின் சீலில் இடிக்கக்கூடாது. மூன்றாவது, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையிலான தூரம். பிஸ்டன் தலையில் மென்மையான களியை ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றினால், களியில் பதிந்த பள்ளத்தின் அடியில் எத்தனை மில்லிமீற்றர் மிச்சம் என்று கத்தியால் வெட்டி அளக்கலாம். உள்வால்வுக்கு 2 மில்லிமீற்றரும், சூட்டில் நீளும் புகை வால்வுக்கு அதைவிடச் சற்றுக் கூடவும் இருப்பது வழமையான எல்லை. கையால் சுற்றும்போது எங்காவது இறுகினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஸ்டார்ட்டரைக் கொண்டு சுற்றிப் பார்ப்பது வால்வை வளைக்கும் வேலை.